பொன்முடி வளைவில் நிற்கும் வண்டி

என் வண்டி ஊருக்குள் ஒருநாளும் நின்றதில்லை. சாலைக் கடைத்தெரு நெரிசலிலும், கிழக்கேகோட்டை சிக்னலிலும், ஏர்போர்ட் ரோட்டில் கொட்டுகிற மழையிலும் மகராசியாக ஓடும். பொன்முடிக்கு ஏறும்போதுதான் அதற்கு அந்த மயக்கம் வரும். கல்லாறு தாண்டிச் சில வளைவுகள் ஏறி, மரங்களுக்கு நடுவே மஞ்சு என்கிற மூடுபனி இறங்கத் தொடங்குகிற இடத்தில் என்ஜின் அணைந்துவிடும். இருமாது, திணறாது. பேசிக்கொண்டிருக்கிற ஆள் பாதிப் பேச்சில் தூங்கிப்போவதுபோல அணையும்.

என் பெயர் நயினார். டாக்ஸி ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது சாலைக் கடைத்தெரு முழுக்கத் தெரியும். பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறவனைக் கண்டால் ஆகாது. கதவை ஓங்கிச் சாத்துகிற பயணியைக் கண்டால் சுத்தமாக ஆகாது. ஆனால் வண்டி அந்த மலையில் நிற்கும்போது மட்டும் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் அதற்குத்தான் கோபப்பட்டிருப்பேன்.

அங்கே ஒரு வளைவில்தான் செல்வகணேஷ் இறந்துபோனான். என் மனைவி ஷிஜாவுக்கு ஒரே தம்பி. சாலைக் கடைத்தெருவிலிருந்து அரிசியும் பலசரக்கும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் இருக்கிற கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவான். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, எதிரே எதுவும் தெரியாத மஞ்சில், ஜீப் ஓரத்துக் கல்லைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. ஷிஜா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு சோற்றைப் பிசைவாள், பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள், எழுந்துபோய்க் கையைக் கழுவிவிடுவாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் சாப்பிடாவிட்டால் மற்றவருக்கும் இறங்காது.

எனக்குக் கிடைக்கிற ஓட்டத்தில் பாதி பொன்முடிதான். போக வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ஒரே ஒரு காரியம் கேட்டாள். கல்லாற்றில் ரோட்டோரத்து மரத்தடியில் ஒரு மாடன் கல் உண்டு. மலையேறுகிற டிரைவர்கள் அங்கே நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். நானும் அங்கே நிறுத்தி, பக்கத்துக் கடையில் ஒரு கரிக்கு வெட்டச் சொல்லி, அந்த இளநீரை வண்டிக்கு ஊற்ற வேண்டும். பானெட்டில் கண்ணாடியை ஒட்டி, இடது பக்கத்தில். என் வண்டியில் ஏறினால் செல்வகணேஷ் உட்காருகிற பக்கம் அது. ஊற்றும்போது போனை அவளுக்காகப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் "செரி, போங்க" என்பாள்.

ஊற்றத் தொடங்கிச் சில வாரம் கழித்து வண்டி முதல் தடவையாக நின்றது. பெங்களூரிலிருந்து வந்த நாலு பேர் பின்னால் இருந்தார்கள். அவர்கள் சந்தோஷமாக இறங்கிப் படம் எடுக்கப் போனார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். ஏசி ஓசை அடங்கியதும் காடு உள்ளே வந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. திறந்திருந்த ஜன்னல் வழியாக மஞ்சு மெல்ல ஏறி, இடது பக்கத்து இருக்கையில் வந்து தங்கியது. எதிரே ரோடு இல்லை, மலை இல்லை, எனக்கு வயது இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சாவியைத் திருப்பினேன், ஒன்றும் நடக்காததுபோல் வண்டி எடுத்துக்கொண்டது.

வீட்டில் வந்து சொன்னேன். ஷிஜா பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்த வளைவுல நின்னுது?"

"அவன் வளைவுக்குக் கொஞ்சம் இப்புறம்."

"அவன்தான். அவன்தான் நிறுத்துதான்," என்றாள். "உங்ககிட்ட கொஞ்ச நேரம் இருக்கணும்னு நிறுத்துதான்."

அன்று அவள் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள், நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து, மலைக்குப் போய்வந்தால் முதல் கேள்வி அதுதான். நின்றதா, மஞ்சு இருந்ததா, பக்கத்து இருக்கை குளிர்ந்ததா. நின்றது என்றால் முகம் தெளியும், நிற்கவில்லை என்றால் அடுத்த ஓட்டம் எப்போது என்று கேட்பாள். பிறகு ஒருநாள், அவனுக்குத் தாகமாக இருக்கும், ஒரு கரிக்கு போதாது, இரண்டு ஊற்றுங்கள் என்றாள். இரண்டு ஊற்றினேன். வண்டியும் முன்னைவிட ஒழுங்காக நிற்க ஆரம்பித்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நேரங்களில் நான் இடது பக்கம் பார்த்துப் பேசவும் தொடங்கியிருந்தேன். ஊரெல்லாம் என்னிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் காலை, கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனபோது, வண்டி ஏற்றத்தின் நடுவிலேயே அணைந்தது. பிரேக்கை மிதித்தேன், அது கல்லாக இருந்தது. என்ஜின் செத்தால் பிரேக்குக்கு உதவி கிடையாது. வண்டி பின்னால் நழுவியது. எழுந்து நின்று மிதிப்பதுபோல் மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தேன். நின்றபோது பின் டயர் ஓரத்துக் கல்லில் முட்டியிருந்தது. அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. செல்வகணேஷ் இதைச் செய்யமாட்டான். அவன் நிறுத்துவதாக இருந்தால் இப்படி நிறுத்தமாட்டான்.

ஷிஜாவிடம் சொல்லாமல் வண்டியை ரெஜியிடம் கொண்டுபோனேன்.

ரெஜி பாறசாலைக்காரன். கரமனையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வண்டிகளின் வயரிங்கும் கம்ப்யூட்டரும் பார்க்கிறவன், பொறுமையில் எனக்கு நேர் எதிர். பெட்ரோல் பம்பை மாற்றிப் பார்த்தான். காயிலை மாற்றினான். ஒரு சென்சாரையும் மாற்றினான். ஊர் முழுக்கச் சுற்றினோம், வண்டி சிணுங்கக்கூட இல்லை. நான் மலைக்குப் போனால் நின்றது.

"அண்ணா," என்றான் கடைசியில், "ஊருக்குள்ள ஓடுத வண்டி மலையில மட்டும் நிக்குதுன்னா, மலையில நீங்க ஏதோ ஒண்ணு வேற மாதிரி செய்துட்டிருக்கணும்."

"நான் என்னத்தச் செய்ய? கியரப் போடுதேன், ஏறுதேன்."

"செரி. ஒரு தடவ நானும் வாரேன்."

லேப்டாப்பை மடியில் வைத்து, ஒரு வயரை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகி, செல்வகணேஷின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். நெடுமங்காடு, விதுரை எல்லாம் தாண்டிப் போனோம். அவன் திரையில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தன. வண்டி கனவு காண்கிறதோ என்று தோன்றியது. கல்லாற்றில் நான் வழக்கம்போல நிறுத்தினேன், இரண்டு கரிக்கு வெட்டச் சொன்னேன், போனில் ஷிஜாவைக் கூப்பிட்டேன், ஊற்றினேன். ரெஜி கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கிறிஸ்தவச் சபைக்காரன், கும்பிடுவதற்கு இறங்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையில் மஞ்சு காத்திருந்தது. சில வளைவுகள் ஏறினோம். மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போயின. ரெஜியின் திரையில் கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன. என்ஜின் அணைந்தது. நான் இந்தத் தடவை தயாராக இருந்தேன், வண்டியை ஓரத்தில் சேர்த்தேன்.

"சாவிய ஆன்ல வைங்க. ஸ்டார்ட் பண்ணாண்டாம்," என்றான். எட்டிப் பார்த்தான். "கண்டியளா, என்ஜின் படம் போட்ட லைட்டு எரியல்ல. எப்பவும் எரியணும். லேப்டாப்பு கூப்பிட்டும் பதில் இல்ல. கம்ப்யூட்டரே போதமில்லாம கெடக்குது."

எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, எல்லாவற்றையும் என்ஜினுக்குச் சொல்லுகிற பெட்டி அது. அது மயங்கினால் என்ஜினுக்குத் தான் என்ஜின் என்பதே மறந்துவிடும். ரெஜி பானெட்டைத் திறந்தான். வைப்பருக்குக் கீழே நீளமாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. முன்பு கல்லடித்து நான் கண்ணாடி மாற்றினபோது, இடது மூலையில் அதன் பிடி ஒடிந்து, விரல் நுழைகிற அளவு இடைவெளி விழுந்திருந்தது. பெட்டி அதற்கு நேர் கீழே இருந்தது. முதலில் அதற்கு வருகிற கரண்டையும் எர்த்தையும் மீட்டர் வைத்துப் பார்த்தான். இரண்டும் சரியாக இருந்தன. பிறகு பெட்டியைக் கழற்றி, வயர் நுழைகிற வாயை என் பக்கம் திருப்பினான். பித்தளைப் பின்கள் பச்சை பூத்திருந்தன. அவற்றுக்கிடையில் வெள்ளையாக, பசைபோல ஏதோ காய்ந்திருந்தது, அதன்மேல் ஈரம் மினுங்கியது.

"மணத்துப் பாருங்க அண்ணா."

முகர்ந்தேன். புளித்த இளநீர்.

"மழைத்தண்ணி இறங்கினா உணங்கிக் காஞ்சு போவும். இதுல உப்பும் சீனியும் உண்டு, ஒட்டிப் பிடிச்சிட்டு கெடக்கும். நீங்க கல்லாத்துல ஊத்துதிய. உள்ள இறங்கிப் பின்னுக்குப் பின்னு கரண்டு பாயுததுக்கு இவ்வளவு தூரம் ஆவுது." அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அங்க வச்சே கண்டேன். பின்ன, வழிபாடு அல்லே. எப்படிச் சொல்ல?"

"வாயைத் தொறந்து சொல்லணும், அப்படித்தான் சொல்லணும்," என்று கத்தினேன். மஞ்சுக்குள் என் குரல் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. கத்தினது அவன்மேல் இருந்த கோபத்தில் அல்ல. என் மச்சினனை ஒரு மூடியின் இடுக்கில் இருந்து வெளியே எடுத்துக் காட்டிவிட்டான் அவன். இத்தனை நாளும் நான் பேசிக்கொண்டிருந்தது காய்ந்த இளநீரிடம்.

பெட்டியைத் துடைத்து உலர்த்தி, அன்றைக்கு ஊர்போய்ச் சேர்ந்தோம். பெட்டிக்குள் இருக்கிற சர்க்யூட் பலகையே அரித்துப் போய்விட்டது, இனி எப்போது வேண்டுமானாலும் சாகும், மாற்றித்தான் ஆகவேண்டும் என்றான் ரெஜி. அதே எண் போட்ட இன்னொரு பெட்டியைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தான். பொருத்தி ஸ்டார்ட் செய்தபோது வண்டி இரண்டு நொடி ஓடிவிட்டு அணைந்தது. டாஷ்போர்டில் ஒரு சின்னச் சாவிப் படம் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு உங்க சாவியத் தெரியாது," என்றான். "பழையதுல உள்ளத எல்லாம் வாசிச்சு எடுத்து, இதுல எழுதணும். அப்பந்தான் இது உங்க வண்டின்னு நம்பும்."

வொர்க்‌ஷாப் மேஜையில் இரண்டு பெட்டிகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். வெளியே வெயில், பக்கத்துச் சர்ச்சில் யாரோ ஆர்கன் பழகிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு நீலப் பட்டை மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தூக்கத்தில், என் வண்டி போன ரோடுகள் எல்லாம் அந்தப் பட்டையில் வரிசையாக ஏறிப் போவதுபோல் இருந்தது. சாலை, விதுரை, கல்லாறு, தேயிலைக்கு நடுவில் அந்த ரோடு.

"மலையில நின்ன சமாசாரமும் இதுல ஏறுமா?" என்று கேட்டேன்.

"கோளாறு எல்லாம் ஒரு மூலையில பதிஞ்சு கெடக்குது. அத அழிச்சிடலாம். அழிக்கட்டா?"

அது என்னவோ ஒரு பெட்டிக்குள் கிடக்கிற எண்கள்தான். இருந்தாலும் கேட்கிறான் பாருங்கள்.

"அழிச்சிரு," என்றேன்.

புது மூடி போட்டு, ஓரமெல்லாம் பசை வைத்து அடைத்தான். அக்ஸிலரேட்டரைத் தொடாமல் வண்டியைச் சும்மா ஓடவிட்டோம், புதுப் பெட்டி என்ஜினைப் பழகிக்கொள்ள வேண்டுமாம். ஃபேன் சுற்றி நின்றது. ஒரு பிசிறும் இல்லாத ஓட்டம். இவ்வளவு நல்ல சத்தத்தை அவ்வளவு வருத்தத்தோடு நான் கேட்டதில்லை.

வீட்டில் ஷிஜாவிடம், வண்டி சரியாகிவிட்டது, இனி நிற்காது என்று மட்டும் சொன்னேன். ஏன் நின்றது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், அவள் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தண்ணீர்ச் சத்தம் தானே என்னைக் கல்லின் விளிம்புவரை கொண்டுபோனது என்று ஆகும். சொல்லாவிட்டால், தம்பி வருவதை நிறுத்திவிட்டான் என்று ஆகும். இரண்டில் எது குறைந்த கொடுமை என்று எனக்குத் தெரியவில்லை.

"எந்த வளைவுலயும் நிக்காதா?" என்றாள்.

"நிக்காது."

அடுப்பை அணைத்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, "ஞாயிற்றுக்கிழம நானும் வாரேன். என்னக் கொண்டுபோங்க," என்றாள். தம்பி போன பிறகு அவள் அந்தப் பக்கமே வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் இடது பக்கம் ஏறிக்கொண்டாள். கல்லாற்றில் இறங்கி அவளே இரண்டு கரிக்கு வாங்கி என் கையில் கொடுத்தாள். நான் ஊற்றினேன். கும்பிட்டோம். ஆற்றில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்த சத்தம் பின்னால் தேய்ந்து, மறைந்தது. மலை எங்களை உள்ளே எடுத்துக்கொண்டது. மஞ்சு அன்று வெள்ளையாகக்கூட இல்லை, லேசான நீலம். ஷிஜா கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டி, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். உதடுகள் அசைந்தன. என்னிடம் பேசவில்லை என்று தெரிந்தது.

அந்த இடம் நெருங்க நெருங்க வண்டி அருமையாக ஏறியது. ஒரு தடவை நின்று தொலையேன் என்று மனதுக்குள் திட்டினேன். அவள் முன்னால் குனிந்து, எதையோ கேட்கிற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு சாவியைத் திருப்பினால் போதும். ஓரம் சேர்த்து, மெல்ல, அவளுக்குத் தெரியாமல். அவன் இன்னொரு தடவை வந்தான் என்று இருந்துவிட்டுப் போகட்டும். வேகத்தைக் குறைத்தேன். வலது கை ஸ்டியரிங்கை விட்டு சாவிக்குப் போயிற்று.

ஷிஜா என் இடது முழங்கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். ஓட்டுங்க."

வண்டி வளைவைத் திரும்பி, ஓரத்துக் கல்லைத் தாண்டி, மேலே ஏறியது. அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்ணிய இன்னைக்கு டயர்ல ஊத்துனிய," என்றாள். "நான் சொல்லித் தந்தது கண்ணாடிக்குப் பக்கத்துல. அப்பமே எனக்கு மனசிலாச்சு."

நான் அறியாமல் செய்திருக்கிறேன். கை தானாகவே டயருக்குப் போயிருக்கிறது. கையும் களவுமாக அகப்பட்ட பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது. மூடி ஒடிந்தது, தண்ணீர் உள்ளே இறங்கியது, பெட்டி கெட்டது எல்லாம் சொன்னேன். பின்னால் நழுவினதையும் சொன்னேன். அதைக் கேட்டபோது அவள் என் முழங்கையை இன்னும் இறுக்கினாள்.

"எல்லாத் தடவையும் தண்ணிதானா?"

"எல்லாத் தடவையும்."

"அவன் ஒரு தடவகூட வரல்லியா?"

"இல்ல, ஷிஜா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு அந்தச் சத்தம் வந்தது. போன வருஷம் வீட்டில் அத்தனை பேர் கூடியிருந்தபோது வராத அழுகை. வாய்விட்டு, பேர் சொல்லி அழுதாள். எனக்கு ரோடு தெரியவில்லை. தேயிலைச் சரிவை ஒட்டிக் கொஞ்சம் அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தினேன். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நானும் அழுதேன். ஒளிக்கத் தெரியவில்லை, ஒளிக்கவும் தோன்றவில்லை.

கொஞ்சம் அடங்கியபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கு அழுதிய?"

"வண்டி நிக்கும்போதெல்லாம் நான் அவன்கிட்ட பேசிட்டிருப்பேன்," என்றேன். "இப்பம் யார்கிட்ட பேச?"

"என்னத்தப் பேசுவிய?"

"உன்னப் பத்தித்தான்."

அவள் முகம் மாறியது. இத்தனை மாதத்தில் நான் பார்க்காத கோபம் அதில் ஏறியது. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"என்னப் பத்தி அவன்கிட்டயா சொன்னிய? வீட்டுல நான் இருந்தேன் அல்லே. ஒரு வாக்கு என்கிட்ட பேசினியளா?"

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பம் சொல்லுங்க. அவன்கிட்ட சொன்னது எல்லாம் என்கிட்ட சொல்லுங்க."

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வாய்க்கு முதலில் வந்ததைச் சொன்னேன்.

"பொழுது வெளுக்கதுக்கு முன்னேயே நீ எழும்பிப் போயி, வாசல்ல நின்னு ரோட்டப் பாக்கது எனக்குத் தெரியும். நானும் முழிச்சிட்டுதான் கெடப்பேன்."